கொம்மட்டிக்காய் சென்ற வழி

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில், தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாம் நின்றுகொண்டிருந்த பொழுது ஒரு சிறு சம்பாஷணை காதில் விழுந்தது. மலாய் அம்மையார் ஒருவர் பழக்கடையில் அடுக்கியிருந்த பெரிய பச்சைப் பழங்களைச் சுட்டிக்காட்டி, தெம்பிக்காய் என்ன விலை என்று தம் மொழியில் கேட்டார். கடைக்காரர் தமிழர். பழத்தை நிறுத்துக் கொடுத்துப் பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டபின், உதவிக்கு நின்ற தம் மகனை நோக்கி, “தெம்பிக்காய் என்பது மலாய்ப் பேர். தமிழில் தர்பூசணி. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்” என்று பாடஞ் சொன்னார். பையன் தலையசைத்தான். நாம் வாளா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. “அண்ணே, தெம்பிக்காய்தான் தமிழ், தர்பூசணிதான் அயல் மொழி” என்றோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து நகைத்தார். வெயிலில் நெடுநேரம் நின்றவன் என்று எண்ணியிருத்தல் கூடும். கூட்டம் மிகுந்த அந்த நேரத்தில் அவருக்குச் சொல்ல முடியாது போன விளக்கத்தையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

தர்பூசணி என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். வடநாட்டார் இப்பழத்தைத் ‘தர்பூஸ்’ என்பர். அது பாரசீக மொழியிலிருந்து இந்துஸ்தானிக்கு வந்த சொல். ‘தர்’ என்றால் ஈரம். ஈரம் மிகுந்த வெள்ளரி என்று அதற்குப் பொருள் கூறுவர். ருஷியர் ‘அர்பூஸ்’ என்பதும் துருக்கியர் ‘கர்ப்பூஸ்’ என்பதும் இக்குடும்பத்துச் சொற்களே. தர்பூஸ் தெற்கே வந்தபோது நம்மவர் அதன் வாலைப் பிடித்துப் பார்த்தனர். பூசணியைப் போல் ஒலித்தது. பழமும் பூசணியின் உறவாகத் தோன்றியது. உடனே அதைத் தர்பூசணி ஆக்கிவிட்டனர். தண்ணீர்ப் பூசணி என்று கூறுவாரும் உளர். தென்பாண்டிச் சீமையில் கோசாப்பழம் என்பர். இலங்கைத் தமிழர் வத்தகை என்பர்.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, நம் மொழியில் இவ்வினத்துக்குக் கொம்மட்டி, தும்மட்டி என்று வேறு பெயர்கள் உண்டு. காட்டில் படரும் கசப்புக் காய்க்குப் பேய்க்கொம்மட்டி என்று பெயர். உண்ணத் தகுந்ததைக் கொம்மட்டிக்காய் என்றனர். இந்தச் சொல் எவ்வளவு இயல்பாக வழங்கியது என்பதற்குக் கிறிஸ்தவ வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பே சான்று. எகிப்தில் அடிமைகளாயிருந்து விடுபட்டு வனாந்தரத்தில் அலைந்த இஸ்ரவேலர், பழைய நாட்டில் தாங்கள் உண்ட மீனையும் வெள்ளரியையும் வெங்காயத்தையும் நினைத்து ஏங்கியதாக எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்த வரிசையில் எபிரேய மூலத்தில் உள்ள பழத்தின் பெயரைத் தமிழாக்கியோர் ‘கொம்மட்டிக்காய்’ என்றே எழுதினர்.

இனி மலாய் மொழியைப் பார்ப்போம். தீபகற்பத்து மலாய்க்காரர் இப்பழத்தைத் தெம்பிக்காய் என்கின்றனர். மெண்டிக்காய், கொமெண்டிக்காய் என்ற வடிவங்களும் அவர்களுடைய அகராதிகளில் உள. சொற்பிறப்பு ஆராய்ந்தோர் இவற்றைத் தமிழின் கொம்மட்டிக்காய், தும்மட்டிக்காய் என்பவற்றோடு சேர்ப்பர். கொமெண்டிக்காயையும் கொம்மட்டிக்காயையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்ப்போர்க்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. கடல் கடந்து இந்தோனேசியாவுக்குப் போனால் அங்கே ‘செமாங்கா’ என்பர். ஆகவே, நம் சொல் வேரூன்றியது முக்கியமாக மலாய்த் தீபகற்பத்திலும் அதை ஒட்டிய இடங்களிலுமே எனலாம்.

தனியாக ஒரு சொல் வழிதவறிப் போய்விட்டது என்று கருத வேண்டா. மலாய்க்காரர் மாம்பழத்தை ‘மெம்பெலாம்’ என்பர். நாம் பழத்தைப் பழமாகவும் காயைக் காயாகவும் கொடுத்தோம். அவர்களும் அவ்வாறே வாங்கிக்கொண்டனர். கடை அவர்களுக்குக் ‘கெடாய்’. கப்பல் ‘காப்பால்’. பெட்டி ‘பெத்தி’. கட்டில் ‘காத்தில்’. வியாபாரத்தில் போடும் முதலுக்கு ‘மோடால்’ என்பர். தமிழன் உலகுக்குக் கொடுத்த சொல் ‘கூலி’ ஒன்றுதான் என்று இந்நாட்டில் பலர் நினைக்கின்றனர். நம்மவரிலும் பலர் அப்படியே நினைத்துத் தலை கவிழ்கின்றனர். முதல் என்ற சொல்லும் நம்மிடமிருந்து போயிற்று என்பதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாம் படித்தது ஆங்கிலப் பள்ளியில். அங்கே தமிழன் சரித்திரத்துக்குள் நுழைவதே பால்வெட்டுக் கத்தியோடுதான்.

உண்மை வேறு. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்னும் துறைமுகத்துக்கு அருகே, லோபு துவாவில், ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகர் குழு 1088-இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்திருக்கிறது. 1511-இல் போர்த்துக்கேசியர் மலாக்காவைப் பிடித்தபோது அங்கே தமிழ் வியாபாரிகள் செல்வாக்குடன் இருந்தனர். அவர்களில் நைனா சாத்து என்பவரைப் போர்த்துக்கேசியர் பெண்டஹாராப் பதவியில் அமர்த்தினர். சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் 1819 மே மாதம் திரும்பி வந்தபோது உடன் வந்தவர் பினாங்கு நாராயண பிள்ளை. செங்கற் சூளை வைத்தவர். 1827-இல் மாரியம்மன் கோயில் எழக் காரணமானவர். தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்த காலம் இவற்றுக்கெல்லாம் பின்னது. இந்தச் சொல்லைக் கொண்டு தமிழர்தாம் இப்பழத்தை இந்நாட்டில் முதலில் நட்டனர் என்று சாதிக்க நாம் வரவில்லை. அது பெருமைக்காகப் பேசுவதாகும். விற்கிறவன் வாயிலிருந்து வாங்குகிறவன் வாய்க்குச் சொல் போகும். அந்தப் பழத்தையோ அதன் விதையையோ மலாய்க்காரரின் முன் வைத்துப் பெயர் சொன்னவருள் தமிழர் இருந்தனர் என்பது வரையில் ஐயமில்லை.

பழத்தின் பிறப்பிடம் தமிழகமும் அன்று, பாரசீகமும் அன்று, ஆபிரிக்கா. தெற்கே காலகாரி வறள் நிலத்தில் வளரும் ‘சம்மா’ என்னும் காட்டுக் கொம்மட்டியே இதன் தாய் என்று நெடுங்காலம் நம்பினர். நீரற்ற அந்த நிலத்தில் மனிதரும் விலங்கும் அக்காயைத் தின்று தாகந் தணிப்பதை லிவிங்ஸ்டன் பாதிரியார் 1857-இல் வெளியான தம் பிரயாண நூலில் வருணித்திருக்கிறார். ஆயினும் 2021-இல் வெளியான மரபணு ஆராய்ச்சியின்படி, நாம் உண்ணும் இனிப்புப் பழத்துக்கு மிக நெருங்கிய உறவு சூடானின் கோர்டோஃபான் பிரதேசத்தில் விளையும், வெண்மையான சதையும் கசப்பற்ற சுவையும் உடைய ஒரு வகையே. லிபியாவில் கிடைத்த சுமார் 6,000 ஆண்டுப் பழமையான விதைகளையும் சோதித்திருக்கின்றனர். அந்தக் காயின் சதை கசப்பு. ஆதலால் அந்நாளையோர் சதையை விட்டு விதையையே உண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். எகிப்தியக் கல்லறைச் சித்திரம் ஒன்றில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, வரியுள்ள நீண்ட பழம் ஒன்று தட்டில் வைத்துக் காட்டப்பட்டிருக்கிறது. சமைக்கும் காயைத் தட்டில் முழுதாக வைத்துப் பரிமாறுவது வழக்கமன்று. ஆகவே அது அப்பொழுதே பச்சையாக உண்ணும் பழமாகிவிட்டது என்பர். 1922-இல் திறக்கப்பட்ட துத்தங்காமன் என்னும் மன்னரின் கல்லறையிலும் இதன் விதைகள் இருந்தன. மறுமைப் பிரயாணத்துக்குத் தாகந் தீர்க்கும் பழம் வேண்டும் என்று கருதினார்கள் போலும். செத்தவருக்கு வைத்ததை உயிருள்ள ஏழைக்குக் கொடுத்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. அது வேறு விஷயம்.

அங்கிருந்து அது மத்தியதரைக் கடலோரமாகவும் கிழக்கு நோக்கியும் பரவிற்று. கி.பி. 7-ஆம் நூற்றாண்டளவில் இந்தியாவில் பயிராயிற்று. 10-ஆம் நூற்றாண்டளவில் சீனம் சேர்ந்தது. மேற்கிலிருந்து வந்ததால் சீனர் அதற்கு ‘ஸீ குவா’, அதாவது மேற்குப் பழம், என்று பெயரிட்டனர். இன்று உலக விளைச்சலில் பாதிக்கு மேல் சீனத்தில்தான். மேற்குப் பழம் முற்றிலும் கிழக்குப் பழமாகிவிட்டது.

சிராங்கூன் சாலைக்குத் திரும்புவோம். இச்சாலை 1828-ஆம் ஆண்டுப் படத்திலேயே காணப்படுகிறது. ரோச்சோர் ஆற்று நீரும் தாழ்ந்த புல்வெளியும் இருந்ததால் இப்பக்கத்தில் மாட்டுப் பட்டிகள் பெருகின. சீனர் காய்கறித் தோட்டம் போட்டனர். 1825 முதல் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் நகரத்தின் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. எருமைப் பட்டி என்று பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்ற பெயர் இன்றும் மகப்பேற்று மருத்துவமனைக்கு நிலைத்திருக்கிறது. ‘தேக்கா’ என்பதோ மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல். 1915-இல் கட்டிய பழைய சந்தையை விட்டு 1982-இல் எதிர்ப்புறத்துப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது, அதற்கு மாண்டரின் உச்சரிப்பில் ‘ஜூஜியாவ்’ என்று பெயர் வைத்தனர். சீனரும் சொல்லவில்லை, தமிழரும் சொல்லவில்லை. கடைசியில் 2000-த்தில் தேக்கா என்றே பலகை எழுதினர். ஹொக்கியன் பெயருடைய சந்தையில், தமிழர் நிறுத்துக் கொடுக்க, தமிழ் வழி வந்த சொல்லால் மலாய்க்காரர் கேட்டு வாங்கும் ஆபிரிக்கப் பழம் இது.

இங்கே விற்கும் பழம் இங்கே விளைந்ததன்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் தீவு இது. கொம்மட்டிக்கோ நல்ல வெயிலும் நீர் தேங்காத மணற்பாங்கான நிலமும் வேண்டும். பழுக்குங் காலத்தில் மழை மிகுந்தால் இனிப்புக் குறையும், காய் வெடிக்கும். நம் நாட்டில் தை மாசியில் விதைத்துச் சித்திரை வைகாசியில் அறுப்பது இதனால்தான். திண்டிவனம் செங்கற்பட்டுப் பக்கங்களில் கோடை வந்தால் சாலையோரமெல்லாம் பழக்குவியலாயிருக்கும். சிங்கப்பூருக்குப் பெரும்பாலும் பாலத்தைக் கடந்து மலேசியாவிலிருந்து லாரியில் வருகிறது. ஜொகூர், பகாங், கிளந்தான் நாடுகளில் விளைகிறது. கிழக்குக் கரையின் கடல் மணலிலும் போடுகின்றனர்.

பயிர் செய்யும் முறையைத் தோட்டத்து நேயர் அறிவர். பட்டணத்து நேயருக்காகச் சொல்கிறோம். மேடாக எடுத்த பாத்தியில் குழி பறித்து, எருவிட்டு, குழிக்கு இரண்டு மூன்று விதை ஊன்றுவர். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். கொடி நிலத்தோடு படரும். ஒரே கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் பட்டாணி போலச் சிறு பிஞ்சு இருக்கும். தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் அது காயாகும். இல்லையேல் வாடி விழும். தேனீ போதாத இடத்தில் விடியற்காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின்மேல் கையாலேயே தடவி வைப்பர். கொடிக்கு ஒன்றிரண்டு காயை விட்டு மற்றவற்றைக் கிள்ளி எறிவர். அறுவடைக்குச் சில நாள் முன்பு நீரைக் குறைத்தால் இனிப்பு ஏறும். பூத்து முப்பது நாற்பது நாளில் காய் முற்றும். பறித்தபின் இது பழுப்பதில்லை. ஆதலால் பறிக்கும் நாளைக் கணிப்பதிலேதான் பயிரிடுவோனின் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

மலேசியத் தோட்டங்களில் இப்பயிர் ஊடுபயிராக நுழைந்தது. பழைய ரப்பரை வெட்டி எறிந்து, மறுநடவாக ரப்பரோ செம்பனையோ வைத்தால், கன்றுகள் ஓங்கி நிழல் விழும் வரையில் இரண்டு மூன்று வருடம் வரிசைகளுக்கிடையே வெயில் தாராளமாக விழும். இரண்டரை மூன்று மாதத்தில் பலன் தரும் கொம்மட்டிக்கு அது போதும். அந்நிலத்தை வெளியிலிருந்து வரும் குத்தகைக்காரர் எடுத்துப் பயிர் செய்வர்.

நாம் கிராணி வேலையில் அமர்ந்த முதல் ஆண்டில் ஒரு தோட்டத்தில் இவ்வாறு கொம்மட்டி போட்டிருந்தனர். அறுவடையாகி நல்ல பழமெல்லாம் லாரியேறிப் போயிற்று. வெடித்தவையும் கோணலானவையும் விலைபோகாமல் வெயிலில் கிடந்தன. ஈ மொய்த்தது. லயத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் பள்ளி விட்டு வரும் வழியில் அவற்றுள் இரண்டை எடுத்து உடைத்துத் தின்றனர். காவற்காரன் துரத்திப் பிடித்துக் காரியாலயத்துக்குக் கொண்டுவந்தான். கன்னமெல்லாம் சாறு வழிய நின்ற அந்தப் பிள்ளைகளைப் பார்த்து அங்கிருந்த பெரியவர்கள் சிரித்தனர். “இந்த ஜாதிக்குத் திருடத்தான் தெரியும்” என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் தமிழர். தகப்பன்மார் இருவருக்கு அரைநாள் கூலி பிடித்தனர். செக்ரோலில் அதை எழுதிய கை நம்முடையது. மாட்டுக்குப் போட இருந்த பழம் அது. மறுநாள் மாட்டுக்குத்தான் போட்டனர்.

அந்தச் சிரிப்பு நமக்கு நெடுநாள் மறக்கவில்லை. அமெரிக்காவின் சரித்திரத்தைப் படித்தபோது அதே சிரிப்பை வேறிடத்தில் கண்டோம். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தளை அறுந்தபின், தென்மாநிலங்களில் கறுப்பு மக்கள் தாங்களே கொம்மட்டி பயிரிட்டு, தாங்களே சந்தையில் விற்று, தாங்களே கூடி உண்டனர். சிறிய நிலத்தில், பெரிய முதல் இன்றி விளைவது. அவர்களுடைய விடுதலைக்கு அது ஓர் அடையாளம் ஆயிற்று. வெள்ளை எஜமானர்களுக்கு அது பொறுக்கவில்லை. அடிமையாயிருந்தவன் தன் வயலில் விளைந்த பழத்தைத் தன் நேரத்தில் உட்கார்ந்து தின்பதைக் கண்டு, அந்தப் பழத்தையே பழிக்கத் தொடங்கினர். சோம்பேறி, அழுக்கன், குழந்தைப் புத்தியுள்ளவன், கொம்மட்டித் திருடன் என்று கறுப்பரைச் சித்திரித்துப் பத்திரிகையில் படம் போட்டனர், தபாலட்டை அச்சிட்டனர், பாட்டுக் கட்டி மேடையில் ஆடினர். பல பத்தாண்டுகள் இது நடந்தது. இன்றும் அந்நாட்டில் கறுப்பர் ஒருவரை இப்பழத்தோடு சேர்த்துக் கேலி பேசுவது கொடிய இனவசையாகும். ஆபிரிக்காவில் பிறந்த பழத்தைக் கொண்டே ஆபிரிக்க மக்களை இழிவு செய்தனர். நம் லயத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாது. காவற்காரனுக்கும் தெரியாது. தெரியாமலே ஒரே விதமாகச் சிரிக்க முடிகிறது.

உண்ணும் முறைக்கு வருவோம். பழத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றோரு பங்கு நீர். தக்காளியைச் சிவப்பாக்கும் அதே பொருள்தான் இதன் சதையையும் சிவப்பாக்குகிறது. ஜப்பானியர் 1914-இல் இதன் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். பழத்தின் லத்தீன் பெயரைக் கொண்டே அதற்குச் ‘சிட்ருலின்’ என்று பெயர் வந்தது. விதையில்லாத பழமும் ஜப்பானியர் வேலையே. கியோத்தோவைச் சேர்ந்த கிஹாரா என்னும் அறிஞர் அதைப் பற்றி 1951-இல் விரிவாக வெளியிட்டார். அதன் விதையை ஒவ்வொரு முறையும் இருவகைச் செடிகளைக் கலந்தே உண்டாக்க வேண்டும்; வயலிலும் மகரந்தத்துக்காக விதையுள்ள சாதியைப் பக்கத்தில் நட வேண்டும். நமக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. விதையைத் துப்பாமல் தின்ற பழம் தின்றதாகவே தோன்றுவதில்லை.

விதையைத் துப்பாதவர் சீனர். சீனப் புத்தாண்டில் சிங்கப்பூரின் எந்தச் சீனர் வீட்டுக்குப் போனாலும் வறுத்த கறுப்பு விதையைத் தட்டில் வைத்து நீட்டுவர். முன்பல்லால் ஓட்டை உடைத்து உள்ளிருக்கும் பருப்பை எடுப்பது ஒரு வித்தை. நமக்கு இன்னும் கைவரவில்லை, பல்வரவில்லை என்பதே பொருந்தும். அதற்கென்றே சதை குறைந்து விதை பெருத்த வகையைப் பயிரிடுகின்றனர். மலாய்க்காரர் இவ்விதையைக் ‘குவாச்சி’ என்பர். அது ஹொக்கியன் சொல். பழத்துக்குத் தமிழனிடமும் விதைக்குச் சீனனிடமும் பெயர் வாங்கிக்கொண்ட மலாய் மொழியின் தாராளத்தை நாம் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இப்பழத்தைக் குளிர்ச்சியாக உண்பதே இந்நகரத்தார் வழக்கம். 1854-இல் ஹூ ஆ கே என்னும் வாம்போவா இங்கே ஓர் ஐஸ் கிடங்கு கட்டினார். அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்தது, வியாபாரம் நிலைக்கவில்லை. அன்று செல்வருக்கே எட்டிய குளிர்ச்சி இன்று உணவங்காடிப் பழக்கடையில் எவருக்கும் கிடைக்கிறது. ஆனாலும் மிகக் குளிர்ந்தால் இனிப்பு நாவில் ஏறாது. சிறிது நேரம் வெளியில் வைத்து உண்பது நன்று. ஒரு சிட்டிகை உப்புத் தூவினால் இனிப்பு எடுத்துக் காட்டும்.

பழம் பொறுக்கத் தெரியாமல் பலர் விரலால் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டுகின்றனர். முற்றியதாயின் கனத்த மந்த ஓசை எழும் என்பது உண்மையே. ஆனால் சந்தை இரைச்சலில் அது யாருக்குக் கேட்கும்? பழத்தைப் புரட்டி, நிலத்தில் படுத்திருந்த பக்கத்தைப் பாருங்கள். அங்குள்ள திட்டு வெளுத்திருந்தால் இளசு; வெண்ணெய் போல் மஞ்சளித்திருந்தால் எடுக்கலாம். காம்பின் அருகே சுருள் ஒட்டியிருந்தால் அது காய்ந்திருக்க வேண்டும். ஒரே அளவான இரண்டில் கனமானதைக் கொள்க. உண்டபின் பச்சைத் தோலைச் சீவிவிட்டு, அடியிலுள்ள வெள்ளைப் பாகத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பாசிப்பருப்புச் சேர்த்துக் கூட்டு வைக்கலாம். சுரைக்காய்க் கூட்டுக்கு ஒப்பாயிருக்கும். பழமாக உண்டதன் மிச்சத்தைக் காயாகச் சமைத்து உண்ணும்பொழுது, நம் முன்னோர் இதற்குக் காய் என்று பெயரிட்டதன் நியாயம் விளங்கும்.

அந்தக் கடைக்காரரிடம் அன்று நாமும் ஒன்று வாங்கினோம். நிறுத்துப் பையில் இட்டுக் கொடுக்கும்பொழுது, அவருடைய மகன் தகப்பனைப் பாராமல் நம்மைப் பார்த்து, “கொம்மட்டிக்காய் ஒன்று” என்றான்.